ஏலமலை ஏறிய பாட்டு

வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்று, அதனால் கிடைத்த 400 ரூபாயைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, சங்கீதத்தையே நம்பிப் பிழைக்கச் சென்னைப் பட்டணத்துக்கு அவர்களை வழியனுப்பிவைத்த பண்ணைப்புரத்துச் சின்னத்தாயம்மாளின் கதையை, அவருடைய மகன் இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தாயின் தியாகத்தைக் கூறும் கதையாகவே நாம் அதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். அப்படிக் கேட்பதில் தவறும் இல்லை. ஆனால் விற்கப்பட்ட பொருள் நகையாகவோ நிலமாகவோ ஆடு மாடாகவோ இராமல் வானொலிப் பெட்டியாக இருந்ததில் ஒரு விசேஷம் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், வெளியுலகத்தின் புதிய சங்கீதம் வீட்டுக்குள் நுழைவதற்கு இருந்த பெரிய வாசல் அந்தப் பெட்டிதான். அதை விற்ற குடும்பத்திலிருந்தே, பத்தாண்டு கழிவதற்குள், தமிழ் நாட்டில் வானொலி உள்ள வீடுகளிலெல்லாம் ஒலிக்கப்போகிற புதுச் சங்கீதம் புறப்பட்டது.

போடிநாயக்கனூரிலிருந்து தெற்கே சிலமலை, ராசிங்காபுரம் வழியாகத் தேவாரத்துக்கும், தேவாரத்திலிருந்து பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையத்துக்கும் போகிற சாலையில் பிரயாணம் செய்கிறவருக்கு, வலக்கைப் பக்கம் மலை விடாமல் கூடவே வரும். கீழே மழை மறைவுப் பிரதேசத்துக் கரிசலும் செம்மண்ணும், கடலையும் சோளமும் தென்னையும். மேலே, மேகம் அடையும் உயரத்தில், பெருமரங்களின் நிழலை நம்பி வாழும் ஏலக்காடு. 1956-ஆம் ஆண்டு மொழிவாரி மாகாணங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் உடும்பன்சோலையும் கேரளத்தோடு நின்றுவிட்டன. காகிதத்தில் விழுந்த அந்தக் கோடு உழைக்கிற ஜனங்களின் காலைத் தடுக்கவில்லை. பொழுது விடிவதற்கு முன் தேவாரத்திலும் போடியிலும் கோம்பையிலும் கம்பத்திலும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, மலைமேல் வேலை செய்து, இருட்டும் நேரத்தில் இறங்கிவருகிற ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இன்றைக்கும் ஜீவனம் அங்கேதான். அவர்கள் போன வழியெல்லாம் பாட்டும் போயிற்று, வந்தது.

ஏலக்காட்டு வேலைக்கென்று ஓர் அமைப்பு உண்டு. தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர்கள் இடுப்பளவுச் செடிகளுக்கிடையே நிரையாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். ஏலச்செடியோ ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து தோகை விரித்து நிற்பது. காயோ செடியின் அடித்தூரில், தரையை ஒட்டிய சரத்தில் பிடிப்பது. ஆகவே காயெடுக்கிறவள் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். அடுத்த தூரில் இருப்பவள் தாயானாலும் மகளானாலும் கண்ணுக்குத் தெரியமாட்டாள். அப்படிப்பட்ட இடத்தில் குரல்தான் துணை. ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் தெம்மாங்கு, பச்சைப் பிள்ளையைக் கங்காணியின் கண்ணில் படாமல் தூங்கவைக்கும் தாலாட்டு, இறந்துபோனவரை எண்ணி வேலைக்கு நடுவே அடங்காமல் எழும் ஒப்பாரி ஆகிய எல்லாம் அங்கே பயின்று வந்தன. இவற்றைப் பாடியவர்களைச் சங்கீத வித்வான்கள் என்று எவரும் எண்ணியதில்லை. அவர்களும் தம்மை அப்படி எண்ணிக்கொண்டதில்லை.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் வெளியிலிருந்து வந்த சங்கீதம் பல வழிகளில் வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த நாடகங்களை ஆர்மோனியமும் மிருதங்கமும் முன்னே வைத்து விடிய விடிய நடத்தும் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் திருவிழாதோறும் வந்தார்கள். டூரிங் கொட்டகையில் படம் தொடங்குமுன் கூம்பு வழியாக நாலூருக்குக் கேட்கும்படி இசைத்தட்டுப் போட்டார்கள். கலியாண வீட்டிலும் காதுகுத்திலும் சவுண்ட் சர்வீஸ்காரர் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து, புதுப்படத்துப் பாட்டுவரை வரிசை தவறாமல் ஒலிபரப்புவார். மாரியம்மன் திருவிழா என்றால் எல். ஆர். ஈஸ்வரியின் குரல் மூன்று நாளைக்கு ஓயாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக இலங்கை வானொலி இருந்தது. தென்மாவட்டங்களில் அது உள்ளூர் நிலையம்போலத் துலாம்பரமாகக் கேட்கும். மயில்வாகனனின் குரலை அடையாளம் சொல்லத் தெரியாத டீக்கடை அக்காலத்தில் இந்தப் பக்கம் இருந்திராது.

இந்த இரண்டு பிரவாகங்களும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் நின்றவர் பாவலர் வரதராஜன். பண்ணைப்புரத்து ராமசாமியின் மக்களில் மூத்தவர். பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். தம்பிமாரைச் சேர்த்துக்கொண்டு 'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயரில் ஊர் ஊராகச் சென்றவர். அவருடைய உபாயம் எளிமையானது. ஜனங்களின் வாயில் அன்றாடம் புழங்கிய சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்வார். அதன் சொற்களை நீக்கிவிட்டு, கூலியையும் விலைவாசியையும் தோட்டத்து நியாய அநியாயங்களையும் பற்றிய சொற்களை அங்கே வைப்பார். மெட்டு தெரிந்ததாகையால் கூட்டம் முதல் முறையே கூடப் பாடும். சொல் புதிதாகையால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே போகும்.

இதை மட்டமான வித்தை என்று நினைக்கிறவர்கள் தமிழ்ச் சங்கீதத்தின் சரித்திரத்தை மறந்தவர்கள் என்பதே என் அபிப்பிராயம். பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே "இன்ன வர்ணமெட்டு" என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியைக் கண்டதும் வாங்கியவன் பாட ஆரம்பித்துவிடலாம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திர மெட்டுக்களில் தேசிய கீதங்களை அமைத்தவர் சுப்பிரமணிய பாரதியார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிக்கொடுத்த பாட்டுக்களை விசுவநாததாஸ் மேடையில் பாடியதும், நாடகம் பார்க்கவந்த கூட்டம் தேசபக்தக் கூட்டமாக மாறிப்போனதும் இந்த வழியில்தான். காதுக்குப் பழகிய ஸ்வரங்களின்மேல் ஏறித்தான் புதிய கருத்து நம்மிடையே ஊர்ப்பிரயாணம் செய்திருக்கிறது. பாவலர் அந்தப் பரம்பரையில் வந்தவர். அவர் காலத்தில் நந்தன் சரித்திரத்தின் ஸ்தானத்தில் சினிமா இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

1958-ஆம் ஆண்டு நடந்த தேவிகுளம் இடைத்தேர்தல் அவருடைய பாட்டுக்கு ஒரு பெரிய பரீட்சையாக வந்தது. முந்தின ஆண்டில் 126 ஸ்தானங்கள் கொண்ட கேரள சட்டசபையில் 60 கம்யூனிஸ்டு அங்கத்தினர்களும் அவர்களை ஆதரித்த 5 சுயேச்சைகளுமாகச் சேர்ந்து இ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் மந்திரிசபை அமைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஸ்தானமும் உயிர்நிலையாக இருந்த அந்தச் சமயத்தில், எதிர்க்கட்சி வேட்பாளரின் மனு தவறாக நிராகரிக்கப்பட்டதென்ற காரணத்தால் தேவிகுளத்தில் கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாதென்று தீர்ப்பாகி, மறுதேர்தல் வந்தது. வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்கள். மலையாளத்தில் எவ்வளவு வாக்குச் சாதுரியத்தோடு பிரசங்கம் செய்தாலும் லயத்து வீடுகளின் வாசல்வரைதான் போகும். உள்ளே போவதற்குத் தமிழ்ப் பாட்டு வேண்டியிருந்தது. பாவலரும் தம்பிமாரும் மலையேறினார்கள். மே மாதத்தில் நடந்த தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்குண்டு என்று இயக்கத்தார் அன்றுதொட்டுச் சொல்லிவருகிறார்கள். தேர்தல் முடிவுகளுக்குக் காரணம் பலவாக இருக்கும்; ஆனால் ஒரு மாநிலத்தின் ஆட்சி தப்பிப் பிழைத்ததற்குக் காரணங்களில் ஒன்றாகப் பாட்டைச் சொல்லக்கூடிய இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

அந்தக் குழுவில் 14 வயதில் சேர்ந்த தம்பிதான் ராசையா, பின்னாளைய இளையராஜா. முதலில் பெண் குரலில் பாடுவதற்கு அவரை வைத்துக்கொண்டார்கள். வயது ஏறிக் குரல் உடைந்தபோது பாட்டிலிருந்து விலகி ஆர்மோனியத்துக்கு வந்தார். பத்தாண்டுக் காலம் ஓர் இரவு ஓர் ஊர், மறு இரவு வேறோர் ஊர் என்று அலைந்த அந்தப் பயிற்சியை எந்தச் சங்கீதக் கல்லூரியும் கொடுத்திருக்க முடியாது. எந்த ஸ்வரம் வந்தால் கூட்டம் நிமிர்கிறது, எந்த இடத்தில் தாளத்தைத் தளர்த்தினால் பேச்சு அடங்குகிறது, எந்த மெட்டு துக்கத்துக்கு ஆகும், எது கேலிக்கு ஆகும் என்பனவெல்லாம் கேட்பவர்களின் முகத்தைப் பார்த்தே கற்கவேண்டிய பாடங்கள். 1964-இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு ராசையா தாமே மெட்டமைத்தார். அதையே தம் முதல் ஆக்கமாக அவர் குறிப்பிடுவதுண்டு. அண்ணன் பிறர் மெட்டில் தம் சொல்லை வைத்தார். தம்பி பிறர் சொல்லுக்குத் தம் மெட்டை வைத்தார். குடும்பத் தொழில் ஒன்றேதான், கை மாறியதும் திசை மாறிற்று.

1968-இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதத்தின் இலக்கணத்தைக் கற்க ஆரம்பித்து, பிறகு கன்னடப் படங்களுக்கு இசையமைத்துப் புகழ்பெற்ற ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976-இல் பஞ்சு அருணாசலத்தின் 'அன்னக்கிளி'க்கு அவர் இசையமைத்ததெல்லாம் பலரும் அறிந்த விருத்தாந்தம். 'ஆராதனா'வும் 'பாபி'யும் தமிழ் நாட்டு வீதிகளை ஆண்டுகொண்டிருந்த அந்தக் காலத்தில் 'அன்னக்கிளி'யின் பாட்டுக்களைக் கேட்டுப் பட்டணத்து ரசிகர்கள் "இது புதிது" என்றார்கள். தேவாரத்துக்காரர்களுக்கோ பாதி புதிது, பாதி தங்கள் வீட்டுச் சமாசாரம். இதற்கு முன்னே சினிமாவில் நாட்டுப்புற மெட்டு வந்ததில்லை என்று சொல்வது அநியாயம்; கே. வி. மகாதேவனும் விஸ்வநாதன்–ராமமூர்த்தியும் அதை அழகாகக் கையாண்டிருக்கிறார்கள். இளையராஜா செய்த காரியம் வேறு. தெம்மாங்கின் நெளிவையும் தாலாட்டின் இழுப்பையும் திருத்தாமல் அப்படியே முன்னால் விட்டு, அதன் பின்னால் வயலின் வரிசைகளும் கிடாரின் சுரக்கொத்துக்களும் ஆழ்ந்த பேஸ் நாதமும் தனித்தனிப் பாதையில் நடந்து, பாட்டோடு சந்தித்து, விலகி, மறுபடியும் சந்திக்கும்படி எழுதினார். காட்டில் ஒருத்தி பாட மற்றொருத்தி மறைவிலிருந்து வாங்கிக்கொள்ளும் முறையை, தன்ராஜ் மாஸ்டர் கற்றுக்கொடுத்த எதிரிசை இலக்கணத்தோடு பொருத்திப் பார்த்த ஒரு மனத்தின் வேலையாகவே எனக்கு அது படுகிறது.

மறு ஆண்டில் அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தது. அதில் கங்கை அமரன் எழுதிய பாட்டைப் பாடிய எஸ். ஜானகிக்கு முதலாவது தேசிய விருது கிடைத்தது. ஆந்திரத்துப் பாடகி ஒருவர், தேனிப் பக்கத்துச் சிறுபெண்ணின் ஆசையைப் பண்ணைப்புரத்து அண்ணன் தம்பியரின் மெட்டிலும் சொல்லிலும் பாடி, தேச முழுவதற்கும் கேட்கச்செய்தார். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவினர் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றியபோது அவருக்கு 81 வயது நிறைந்திருந்தது. அந்த வயதிலும் புதியதைத் தேடிக்கொண்டு போகிற ஒருவரைப் பற்றி, பழைய பாட்டின் ஞாபகமாக மட்டுமே பேசிக்கொண்டிருப்பது அவருக்கு நாம் செய்யும் குறை.

ஆனால் அண்ணனை மறந்துவிட்டோம். பண்ணைப்புரம் என்றதும் இளையராஜா ஞாபகம் வருகிற அளவில் பத்தில் ஒரு பங்குகூட வரதராஜன் ஞாபகம் வருவதில்லை. இதற்குக் காரணம் கலையின் தராதரம் என்று நான் நினைக்கவில்லை. ஜனங்களிடையே ஒரு பாடகர் பிரசித்தியாக இருப்பது வேறு, அவர் குரல் நிலைத்திருப்பது வேறு. 'ஹரிதாஸ்' ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்ட தியாகராஜ பாகவதரைக்கூட, 1959-இல் அவர் காலமாவதற்குள் ரசிக உலகம் ஏறக்குறையக் கைவிட்டிருந்தது. இருந்தும் இசைத்தட்டும் பிலிமும் அவரைக் காப்பாற்றித் தந்தன. மேடையையே நம்பி வாழ்ந்த பாடகருக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. மேலும் பாவலரின் மெட்டு அவருடையதாக இராமல் சினிமாவினுடையதாக இருந்தது. சொல்லோ அந்தந்த மாதத்துப் போராட்டத்தோடும் தேர்தலோடும் கட்டுண்டிருந்தது. போராட்டம் முடிந்ததும் சொல் உதிர்ந்தது. மெட்டு மறுபடியும் சினிமாவுக்கே திரும்பிப் போய்விட்டது. இன்றைக்கு அந்தப் பழைய சினிமாப் பாட்டைக் கேட்கிற முதிய தொழிலாளி ஒருவருக்கு, படத்தில் வந்த வரிகளுக்கு முன்னால் பாவலரின் வரிகள் நாவில் வந்து நின்றால், அந்த ஒரு கணத்தில்தான் அவர் உயிரோடிருக்கிறார்.

பெண்களில் இப்படி மறைந்துபோகாமல் தப்பியவர் தேனி குஞ்சரம்மாள். சாஸ்திரீய சங்கீதத்தின் மெருகு எதுவும் படாத, வயற்காட்டுக் காற்றைக் கிழித்துப் பழகிய அந்தக் குரலை ஏ. ஆர். ரகுமான் 1994-இல் 'கருத்தம்மா'வில் தாலாட்டுக்கும், அதே ஆண்டு 'காதலன்' படத்தில் பேட்டை ராப்புக்கும் பயன்படுத்திக்கொண்டார். அமெரிக்க நகரத்துச் சேரிகளில் பிறந்த ராப் என்னும் வகை தமிழுக்கு வந்த புதிதில், அதற்கு ஈடாக நின்று எதிர்க்குரல் கொடுக்கக் கிடைத்தவர் தேனிப் பக்கத்து மூதாட்டி என்பதைப் பலர் வேடிக்கையாகக் கொண்டார்கள். எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. சொல்லைத் தாளத்தின்மேல் எறிந்து, எதிராளியை மடக்கி, மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டு போகிற வித்தை ஏசல் பாட்டிலும் கும்மியிலும் எப்போதோ பக்குவப்பட்டுவிட்டது. புதிய வகை வந்தபோது அவர் புதிதாகக் கற்கவேண்டியது அதிகம் இருந்திராது.

இப்போது ஜீப்பில் போகிற பெண்பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு செல்போனில் பாட்டுக் கேட்கிறார்கள். இதை ஒரு சீரழிவாகக் கருதிப் புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். முன்னே சவுண்ட் சர்வீஸ்காரர் போட்ட பாட்டை ஊரே கேட்கவேண்டியிருந்தது. இன்று ஒருத்தி தனக்குப் பிடித்ததைத் தேடிக் கேட்கலாம், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம். ஆயினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். யூடியூப் போன்றவை, ஒருவர் ஏற்கெனவே விரும்பிக் கேட்டதை வைத்துக் கணக்கிட்டு, அதனோடு ஒத்ததையே திரும்பத் திரும்ப முன்னே கொண்டுவந்து நிறுத்துகின்றன. பதிவாகாத பாட்டு அந்தக் கணக்கில் ஒருபோதும் ஏறாது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரிந்த நூறு பாட்டுக்களில் ஒன்றைக்கூட அந்தக் கருவி பேத்திக்குப் பரிந்துரை செய்யமாட்டாது.

பாட்டியைத் தேடிப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு அண்மைக்காலத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. 2021 மார்ச் 7-ஆம் தேதி வெளிவந்து, தமிழ் தெரியாதவர்களையும் ஆடவைத்த 'என்ஜாய் எஞ்சாமி'யின் வேர் ஒரு தோட்டத் தொழிலாளியின் ஞாபகத்தில் இருக்கிறது. தீயும் அறிவும் பாடிச் சந்தோஷ் நாராயணனின் இசையில் வந்த அந்தப் பாட்டில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையையும், ஒப்பாரியின் ஓசையையும், நிலமில்லாதவர் நிலத்தோடு கொண்ட உறவையும் அறிவு கொண்டுவந்து நிறுத்தினார். அந்த ஆண்டின் மிகப் புதிய பாட்டு என்று கொண்டாடப்பட்டது தோட்டக்காட்டின் மிகப் பழைய குரல்களில் ஒன்று.

ஹங்கேரியில் பேலா பார்டோக், சோல்டான் கோடாய் என்ற இரண்டு இளைஞர்கள், நூறாண்டுக்கும் முன்பே இதைக் கண்டுகொண்டார்கள். எடிசனின் போனோகிராப் பெட்டியையும் மெழுகு உருளைகளையும் சுமந்துகொண்டு குக்கிராமங்களுக்குப் போய், முதிய குடியானவப் பெண்களைப் பாடச்சொல்லிப் பதிவுசெய்து, 1906-இல் முதல் தொகுதியை வெளியிட்டார்கள். நகரத்து ஹோட்டல்களில் ஹங்கேரியச் சங்கீதம் என்று வாசிக்கப்பட்டதற்கு அடியில், ஐந்தே ஸ்வரங்களில் அமைந்த வேறொரு புராதன சங்கீதம் உறைந்துகிடந்ததை அவர்கள் கண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் மிகத் துணிச்சலான புதுச் சங்கீதங்களில் ஒன்றைப் பார்டோக் எழுதியது அந்த மெழுகு உருளைகளைக் கேட்ட காதோடுதான்.

நம் ஏலமலைக்கு ஒரு பார்டோக் வந்து சேரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. 1958-இல் தேவிகுளத்தில் பாவலரைக் கேட்ட 15 வயதுப் பெண்ணுக்கு இன்று வயது 80-ஐத் தாண்டியிருக்கும். அவளுடைய பேத்தியின் கையிலிருக்கும் செல்போன், பார்டோக்கின் போனோகிராப்பைவிடப் பன்மடங்கு திறமையுள்ள பதிவுக் கருவி. உத்தமபாளையம், போடி வட்டாரங்களின் பள்ளிக்கூடங்களும் கிளை நூலகங்களும் மனம்வைத்தால் போதும். பதிவுசெய்கிறவர்கள் பாட்டோடு சில விவரங்களையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: எந்தத் தோட்டத்தில், எந்த வேலையின்போது, யாரிடமிருந்து கற்றது, பாவலர் பாட்டானால் எந்தப் படத்துப் பாட்டின் வர்ணமெட்டு, சினிமாச் சொல்லுக்குப் பதிலாக அவர் வைத்த சொல் எது, அதைக் கேட்டபோது கூட்டம் எந்த அடியைத் திருப்பிப் பாடிற்று. இந்தக் கடைசி விவரம் எந்த இசைத்தட்டிலும் கிடைக்காதது. மலையில் காயெடுப்பு ஓய்ந்து, வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்காக ஜனங்களெல்லாம் கீழே இறங்கிவந்து வீட்டோடு இருக்கிற சித்திரை மாதம் இந்த வேலையைத் தொடங்குவதற்கு ஏற்ற மாதம்.